எந்தத் தட்டைச் சொல்கிறீர்கள்?

லெட் செப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1969 அக்டோபரில் வெளியானது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் விற்ற இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்வோம். அதே அட்டை, அதே ஒன்பது பாடல்கள், அதே கம்பெனி. ஒன்றைப் போட்டால் ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் நெஞ்சில் வந்து மோதும். இன்னொன்றில் அதே டிரம்ஸ் கொஞ்சம் எட்டிப்போய், அடக்கமாக ஒலிக்கும். முதல் பிரதிக்காரர், ராக் இசையில் இதற்கு மேல் ஒரு ரெக்கார்டு கிடையாது என்று அடித்துச் சொல்வார். மற்றவர் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உதட்டைப் பிதுக்குவார். இரண்டு பேருமே கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே என்று பார்க்க, தட்டை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கடைசிப் பாடல் முடிந்து, லேபிளைத் தொடும்வரை முள் சும்மா ஓடுகிற பளபளப்பான வளையம் ஒன்று உண்டு. அதில் எண்களும் எழுத்துகளும் பொடிப்பொடியாகக் கீறியிருக்கும். முதல் பிரதியில் அங்கே ‘ஆர்.எல்.’ என்று இருக்கும். பாப் லட்விக் என்ற இளம் பொறியாளரின் கைக்கீறல் அது. நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் கூடத்தில் அவர் அந்த ஆல்பத்தை வழக்கத்தைவிட உரக்க, பேஸ் ஒலியைக் குறைக்காமல் வெட்டினார். அட்லாண்டிக் கம்பெனித் தலைவர் அஹ்மத் எர்டிகன் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு மலிவான பிளேயரில் முள் தாவிக் குதித்தது. தட்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஒலியைத் தணித்து மறுபடி வெட்டச் சொன்னார்கள். பின்னாளில் லட்விக்கே பேட்டிகளில் சொன்ன கதை இது. ஒரு மலிவான பிளேயர் தள்ளிவைத்த அந்தத் தட்டைத்தான் இன்று ரசிகர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்.

ஆகவே, இசைத்தட்டுக்காரர்கள் கூடும் இடத்தில் போய் ஓர் ஆல்பம் எப்படி என்று கேட்டால் நேரடியாகப் பதில் வராது. “எந்தப் பிரஸ்ஸிங்?” என்ற எதிர்க்கேள்விதான் வரும். வெளியாளுக்கு இது வீண் பந்தாவாகத் தெரியும். ஓரளவு பந்தாவும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் சண்டை போட்டால், இருவரும் இருவேறு பொருள்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். புத்தக விமர்சகருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நாவலின் இரண்டாம் பதிப்பில் கதாநாயகனின் குரல் கம்மிப்போவதில்லை.

இத்தனைக்கும் இது ஏதோ பழசைக் கட்டிக்கொண்டு அழும் சிறு கூட்டத்தின் விவகாரமும் இல்லை. 2022இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன; குறுந்தகடு 3.3 கோடிதான். எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. வாங்குகிறவர்களில் பலர் குறுந்தகட்டுக் காலத்துக்கும் பிறகு பிறந்தவர்கள்.

ஒரு தட்டு உருவாகும் விதம் தெரிந்தால் இந்தச் சச்சரவுகளில் பாதி புரிந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரும் காந்த நாடாவை ஓடவிட்டு, லாக்கர் பூசிய ஓர் அலுமினியத் தகட்டில் வெட்டும் ஊசியால் சுருள் பள்ளம் இழுக்கிறார்கள். அந்தப் பொறியாளர் கையில்தான் பாதி விதி. பேஸ் கூடினால் பள்ளம் அகலமாக ஆடும், பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். பாடகரின் ‘ஸ’ ஓசை கூர்மையாக இருந்தால் கேட்கும்போது எச்சில் தெறிப்பது போலிருக்கும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்பது சௌகரியமான அளவு. முப்பது நிமிடத்தைத் திணித்தால் பள்ளங்களை நெருக்கிப்போட வேண்டும், ஒலியைக் குறைக்க வேண்டும். எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்று ஒவ்வொரு வெட்டுக்காரரும் தம் காதை நம்பி முடிவெடுக்கிறார். அதனால் ஒரே நாடா லண்டனில் ஒரு மாதிரியும் நியூயார்க்கில் இன்னொரு மாதிரியும் தட்டாகிறது.

அதற்குப் பிறகு உலோக வேலை. லாக்கர் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் ஒரு நேரெதிர் அச்சு கிடைக்கும். ஆலைகளில் அதற்கு ‘ஃபாதர்’ என்று பெயர். அதிலிருந்து ‘மதர்’, அதிலிருந்து ‘ஸ்டாம்பர்’. கடைசியில் இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்துகிறார்கள்; அந்த உருண்டைக்கு ஆலையில் ‘பிஸ்கட்’ என்று செல்லப்பெயர். ஒரு ஸ்டாம்பர் ஆயிரம் தட்டு அளவுக்கு நன்றாக உழைக்கும், பிறகு தேயும். தேய்ந்த அச்சில் கடைசியாக வந்த தட்டும் புது அச்சில் முதலில் வந்த தட்டும் ஒரே கடையில், ஒரே விலைக்குத்தான் விற்றன.

கண்ணுக்குத் தெரியும் இன்னொரு நியாயக்கேடும் இந்தப் பொருளிலேயே இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கதியில் சுழல்கிறது. வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; லேபிளை நெருங்கும்போது அதே ஒரு விநாடிக்குக் கிடைப்பது 21 சென்டிமீட்டர்தான். அதே இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்தாக வேண்டும். உச்ச ஸ்தாயி மங்கும், பித்தளை வாத்தியங்கள் கரகரக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த விமர்சகர் புதுத் தட்டு கைக்கு வந்ததும் பக்கத்தின் கடைசிப் பாடலுக்கு முள்ளை நகர்த்துகிறார். முதல் பாடலில் எந்தத் தட்டும் நன்றாகத்தான் பாடும்.

பிரதிக்குப் பிரதி வேறுபாடு ஒருபுறம். ஆல்பமே இரண்டாக இருக்கும் கதையும் உண்டு. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967இல் மோனோ, ஸ்டீரியோ என இரண்டு வடிவத்தில் வந்தது. அன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலும் மோனோ பிளேயர்தான். எனவே குழுவினர் கூடவே இருந்து, வாரக்கணக்கில் இழைத்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோவைச் சில நாட்களில், அவர்கள் இல்லாமலே முடித்துவிட்டார்கள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடல் மோனோவில் அரை ஸ்வரம் மேலேயும் கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது. ஸ்டீரியோவில் இழுத்து இழுத்துச் சோகம் காட்டுகிறது. எது ‘சரி’ என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சி. உலகம் முழுக்க ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்தது ஸ்டீரியோவை. அதைப் படைத்தவர்கள் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதோ மோனோவை. 2014இல் மோனோ தட்டுகளைப் பழைய நாடாக்களிலிருந்தே, டிஜிட்டல் கலக்காமல் வெட்டி ஒரு பெட்டியாக வெளியிட்டபோது சண்டை தணியும் என்று சிலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. 1967 மோனோவா, 2014 மோனோவா என்று மூன்றாவது கட்சி முளைத்தது.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) விஷயம் இன்னும் விசித்திரம். முதல் பக்கத்து மூன்று பாடல்களைப் பதிவு செய்த அன்று பிரதான நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் போட்டபோது இசை உயர்ந்து ஒலித்தது. உலகமெங்கும் ஜாஸ் பயின்றவர்கள் தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்று, தம் வாத்தியத்தில்தான் சுருதி பிசகு என்று முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1992இல்தான், கூடவே ஓடிய காப்பு நாடாவைக் கொண்டு திருத்தினார்கள். இன்று திருத்திய பதிப்பு கிடைக்கிறது. ஆனாலும் முதல் பதிப்பின் பதற்றம் இதில் இல்லை என்று அந்தத் தவறையே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சரிபார்க்க முடிந்த உண்மை இங்கே முடிகிறது, ரசனை தொடங்குகிறது. ரசனைச் சண்டையில் தோற்றவர் கிடையாது.

தட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவது நூறாண்டுப் பழக்கம். 1923இல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி, தம் மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோனைச் சேர்த்துக்கொண்டு லண்டனில் ‘தி கிராமபோன்’ பத்திரிகையைத் தொடங்கினார். கச்சேரிக்கு விமர்சனம் எழுதிய பெரிய மனிதர்கள் ரெக்கார்டைப் பொம்மையாகப் பார்த்த காலம் அது. பத்திரிகையின் வாசகர் கடிதப் பக்கம் சீக்கிரமே போர்க்களம் ஆனது. இரும்பு முள்ளா, நார் முள்ளா என்பது முக்கியமான வழக்குகளில் ஒன்று. இரும்பு முள் உரக்கப் பாடும், தட்டைத் தின்னும். மூங்கிலில் செய்த நார் முள் மெல்லப் பாடும், தட்டைக் காக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நுனியை வெட்டிக் கூராக்க வேண்டும். கருவி மாறியிருக்கிறது, வாதத்தின் தொனி அப்படியேதான் இருக்கிறது.

காதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அதற்கும் முந்தியது. 1915 முதல் எடிசன் கம்பெனி ஊர் ஊராக ‘டோன் டெஸ்ட்’ நடத்தியது. மேடையில் பாடகியும் இருப்பார், போனோகிராஃபும் இருக்கும். நடுவில் விளக்கை அணைப்பார்கள். பாடுவது ஆளா, தட்டா என்று சபைக்குப் பிடிபடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இன்று அந்தத் தட்டைக் கேட்டால் சிரிப்பு வரும்: பேஸ் இல்லை, இரைச்சல் ஏராளம். அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ் பல பத்தாண்டுகள் கழித்து ரகசியத்தைச் சொன்னார்: இயந்திரத்தின் குரலுக்கு ஏற்பத் தம் குரலைத்தான் அவர் அடக்கிக்கொண்டார்.

இன்றைய விமர்சகருக்கு இதிலிருந்து ஒரு எளிய பாடம் உண்டு. இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்க வேண்டும். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் போதும், காது அதை ‘உரக்க இருக்கிறது’ என்று சொல்லாது; ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். செப்பலின் தட்டின் புகழில்கூட இதற்கு ஒரு பங்கு இருக்கலாம்.

விமர்சனத்தை நேர்மையாகச் செய்வதற்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை. தட்டு தட்டையாக இருக்கிறதா, வளைந்து அலைபாய்கிறதா? நடுத்துளை நடுவில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் பியானோ ஸ்வரம் நீண்டு நிற்கும்போது மேலும் கீழும் ஊசலாடும். பாட்டு தொடங்கும் முன் இருக்கும் மௌனப் பள்ளத்தில் சரசரப்பு எவ்வளவு? கடைசிப் பாடலில் ‘ஸ’ எப்படி? எந்த முள், எந்தக் கார்ட்ரிட்ஜ், எத்தனை கிராம் அழுத்தம்? இவ்வளவையும் எழுதிவிட்டு அதன் பிறகு ‘எனக்குப் பிடித்தது’ என்று எழுதினால், படிப்பவர் அதைத் தம் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ‘உயிரோட்டமான அனலாக் வெதுவெதுப்பு’ என்று மட்டும் எழுதுவதை ஒருவரும் சோதிக்க முடியாது. அப்படி எழுதுபவர்கள்தான் அதிகம். பழைய தட்டு விற்பவர்களின் தர அட்டவணை ஒன்றும் இங்கே தெரிந்திருக்க வேண்டும்: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். ‘குட்’ தட்டை வாங்கியவர் வீட்டில் பாட்டைவிடப் பொரிச்சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

வினைல் என்றாலே மேல் என்ற நம்பிக்கையையும் இங்கேயே இறக்கிவைத்துவிடலாம். அளவுகோல்படி, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே குறுந்தகடு தரும் 96 டெசிபல் இடைவெளியை எந்தத் தட்டும் தருவதில்லை; 60, 70க்கு மேல் போவது கடினம். பல ஆல்பங்களின் தட்டு நன்றாக ஒலிப்பதற்குக் காரணம், குறுந்தகட்டுக்காக ஒலியை இறுக்கிப் பிழிந்தவர் தட்டுக்காக அதைச் செய்யாமல் விட்டதுதான். மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ 2008இல் வந்தபோது ஒலியின் சிகரங்கள் நறுக்கப்பட்டுக் கரகரத்ததைக் கேட்டு, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மறுகலவை கேட்டு மனுவில் கையெழுத்திட்டார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் பிழியப்படாமல் இருந்ததைக் கண்டுபிடித்தது ரசிகர்கள்தான், விமர்சகர்கள் அல்ல.

தமிழ்நாட்டில் தட்டைப் பற்றிய சண்டை நெடுங்காலம் வேறு ரகம். டி.எம்.எஸ்.ஸா பி.பி.எஸ்.ஸா, எம்.எஸ்.வி.யா ராஜாவா என்பதுதான் டீக்கடை விவாதம். எந்த அச்சு என்று யாரும் கேட்டதில்லை. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையில் அச்சாகி வந்த எச்.எம்.வி. தட்டு கிடைத்தாலே போதும் என்றிருந்தது. ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படங்களின் கதை வசனமே ரெக்கார்டாக வந்து, கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் சிவாஜி கர்ஜித்த காலம் அது. மைக் செட்காரர்கள் வாங்கிய தட்டுகளின் நிலைமை பழைய ரெக்கார்டு தேடுபவர்களுக்குத் தெரியும். கனத்த செராமிக் கார்ட்ரிட்ஜ், எப்போதோ மாற்றிய முள், பந்தல் தூசு. மேலே கீறலே தெரியாது. முள்ளை வைத்தால் உச்சஸ்தாயியில் சுசீலாவின் குரல் கிழியும், ஏனென்றால் பள்ளத்தின் சுவரே உழப்பட்டிருக்கும். பார்வைக்கு நியர் மிண்ட், காதுக்குக் குட். 1985இல் தீப்பிடித்து அழியும் வரை சென்னை மூர் மார்க்கெட் இப்படிப்பட்ட தட்டுகளைத் தேடுபவர்களின் புகலிடமாக இருந்தது.

பிரஸ்ஸிங் பேச்சு தமிழில் உண்மையாகச் சூடுபிடித்தது இளையராஜா ரசிகர்களிடம்தான். எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட தட்டுகளில் பேஸ் கிட்டார் எந்தப் பக்கம் நிற்கிறது, வயலின் கூட்டம் எந்தப் பக்கம் எழுகிறது என்று பிரித்துக் கேட்டுப் பழகியவர்கள், அதே பாட்டைக் குறுந்தகட்டில் கேட்டு அதிர்ந்தார்கள். மெருகேற்றுகிறோம் என்று எதிரொலி கூட்டி, மேளத்தைத் தூக்கி, பாட்டின் அளவையே மாற்றிய பதிப்புகள் மீது அவர்களுக்குத் தீராத கோபம். ‘எல்.பி. ரிப்’ என்ற சொல் அவர்கள் வட்டாரத்தில் இன்று ஒரு தரச்சான்று. தட்டை முள்ளால் ஓட்டி, கணினியில் பதிவு செய்த கோப்பு அது. டிஜிட்டலாகிவிட்ட அனலாக்கை, டிஜிட்டலைவிட மேல் என்று கொண்டாடுகிறார்கள். முரண்பாடு போலத் தோன்றினாலும் அவர்கள் கேட்பது சரிதான்: அவர்கள் கொண்டாடுவது வினைலை அல்ல, அந்தத் தட்டுக்காக ஒலியைச் சமன்செய்த கையை.

இந்தத் தெளிவு அமெரிக்காவின் தேர்ந்த காதுகளுக்கு வர 2022 ஜூலை வரை ஆனது. அந்தக் கதை விரிவாகச் சொல்லத் தகுந்தது.

மொபைல் ஃபிடலிட்டி சவுண்ட் லேப் என்பது 1977இல் தொடங்கிய மறுபதிப்பு நிறுவனம். ரசிகர்கள் சுருக்கமாக மோஃபை என்பார்கள். அட்டையின் தலையில் ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்ற பட்டை. மூல நாடாவிலிருந்தே வெட்டுகிறார்கள் என்று வாங்குபவர்கள் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்கள். 2016இல் சந்தானாவின் ‘அப்ராக்ஸஸ்’ ஆல்பத்தோடு ‘ஒன்-ஸ்டெப்’ என்ற வரிசை தொடங்கியது. ஃபாதர், மதர் என்ற இடைக்கட்டங்களைத் தவிர்த்து, லாக்கரிலிருந்து ஒரே தாவலில் ஸ்டாம்பர். விலை நூறு டாலருக்கு மேல். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அனலாக்கின் உச்சம், டிஜிட்டலால் தொட முடியாத ஆழம் என்றெல்லாம் எழுதினார்கள். விற்றுத் தீர்ந்த தட்டுகள் வெளிச்சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயின.

பிறகு மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தை 40,000 பிரதி ஒன்-ஸ்டெப்பாக வெளியிடப்போவதாக அறிவித்தார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இங்கேதான் உறுத்தியது. இந்த முறையில் ஒரு லாக்கருக்கு ஆயிரம் தட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கே நாற்பது லாக்கர்கள் வேண்டும். ஒவ்வொரு லாக்கருக்கும் நாடாவை ஒருமுறை ஓட்டியாக வேண்டும். உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பத்தின் மூல நாடாவை அத்தனை முறை தேய்க்க எந்தக் கம்பெனி சம்மதிக்கும்?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ‘தி இன் குரூவ்’ என்ற ரெக்கார்டு கடை நடத்தும் மைக் எஸ்போசிட்டோ ஜூலை 14 அன்று ஒரு வீடியோ போட்டார். மோஃபை டிஜிட்டல் கோப்பிலிருந்து தட்டு வெட்டுவதாகத் தமக்கு நம்பகமான தகவல் என்றார். கடைக்காரருக்கு இது ஏன் என்று திட்டியவர்கள் ஏராளம்; எழுத்தாளர்களும் அதில் உண்டு. ஆனால் மோஃபை அவரைக் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோலில் இருக்கும் தன் கூடத்துக்கே வரச் சொன்னது. கேமரா முன்னால் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனிகள் நாடாவை வெளியே தராதபோது, இவர்கள் அந்த நாடா இருக்கும் இடத்துக்கே கருவியோடு போய் டி.எஸ்.டி. என்ற உயர்தர டிஜிட்டல் வடிவத்தில் பிடித்துக்கொண்டு வந்து, அதிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். 2011இல் டோனி பென்னெட்டின் ‘ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’விலிருந்தே இது நடக்கிறது என்று பிறகு தெரியவந்தது. பத்தாண்டுக்கும் மேல். அந்தப் பத்தாண்டில், டிஜிட்டலை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டியவர்கள் எவருக்கும் மோஃபை தட்டில் அது கேட்கவில்லை.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வழக்கு தொடுத்தார்கள், 2023இல் 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. வாங்கியவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம், அல்லது தட்டை வைத்துக்கொண்டு ஒரு சிறு தொகையைப் பெறலாம். இந்த இரண்டாவது வழிதான் வேடிக்கை. நேற்றுவரை சொர்க்கமாக ஒலித்த தட்டு இன்று காலை முதல் மோசமாக ஒலிக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

ரசிகர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள், இனித் தொடமாட்டேன் என்றது ஒரு கட்சி. அந்தத் தட்டுகள் அன்றும் நன்றாக இருந்தன, இன்றும் அப்படித்தான். ஆகவே டிஜிட்டலைப் பற்றி நாம் பேசியதுதான் பொய் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி, ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றியதாகச் சொன்னது. இந்த மூன்றாவது கட்சியின் பழைய எழுத்துகளைத் தேடினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் அகப்படுவதில்லை. விதிவிலக்காகச் சொல்லத் தகுந்தவர் டாம் போர்ட். ‘பெட்டர் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் பழைய தட்டுகளை விற்பவர். ஒரே ஆல்பத்தின் பல பழைய பிரதிகளை வாங்கி, கழுவி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டு, மிகச் சிறந்ததை ‘ஹாட் ஸ்டாம்பர்’ என்று நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்பது அவர் தொழில். மோஃபை தட்டுகள் உயிரற்றவை என்று அவர் பல வருடமாகத் திட்டிவந்தார். ஆனால் டிஜிட்டல் என்று கண்டுபிடித்துத் திட்டவில்லை. புதிதாக வரும் கனத்த மறுபதிப்புகள் எல்லாவற்றையுமே திட்டினார். அவர் விலையைப் பார்த்துச் சிரிப்பவர்களும், பத்துப் பிரதிகளை அடுத்தடுத்துக் கேட்கும் அவர் முறையில் குறை சொல்லத் தடுமாறுகிறார்கள்.

மோஃபை விவகாரத்தில் குற்றம் ஒலியில் இல்லை, சீட்டில் இருந்தது. டிஜிட்டல் கட்டம் நடுவில் இருக்கிறது என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் வழக்குக்கே இடமில்லை. ஆனால் அப்படி அச்சிட்டிருந்தால் அந்த விமர்சகர்கள் அதே தட்டைக் கேட்டு அதே வரிகளை எழுதியிருப்பார்களா? எழுதியிருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

லண்டனில் 2010இல் கொலீன் மர்ஃபி தொடங்கிய ‘கிளாசிக் ஆல்பம் சண்டேஸ்’ கூட்டங்களுக்கு ஒரு முறை உண்டு. நல்ல கருவியில் ஓர் ஆல்பம் முழுவதும் ஓடும். அதுவரை போன் கூடாது, பேச்சு கூடாது. பேச்செல்லாம் தட்டு ஓடாத நேரத்தில். ஜப்பானின் ஜாஸ் காபிக் கடைகள் பலவற்றில் அந்தக் காலத்தில் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. வாய் திறந்தால் கடைக்காரர் முறைப்பார். முதலில் கேள், பிறகு பேசு என்ற இந்த வரிசை சாதாரணமாகத் தெரிந்தாலும், மோஃபை சண்டையில் கலந்துகொண்ட எத்தனை பேர் அந்தத் தட்டுகளை உண்மையில் கேட்டிருந்தார்கள் என்பது சந்தேகம்தான்.

‘திரில்லர்’ அதே 2022 இறுதியில் வெளிவந்தது. இப்போது மோஃபை ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மூல நாடாவின் அகலம், வேகம், டி.எஸ்.டி. எந்த அளவில் எடுக்கப்பட்டது, பிறகு எந்த வழியாக வெட்டும் இயந்திரத்துக்கு வந்தது என்று வரிசையாக எழுதிவிடுகிறது. டிஜிட்டல் கலக்காத பிற நிறுவனங்கள் அதைப் பெருமையாக அட்டையில் ஒட்டுகின்றன. விவரம் முழுதாக வெளியே வந்த பிறகு வாதிட ஒன்றுமிருக்காது என்று நினைத்தவர்கள் இசைத்தட்டு ரசிகர்களைப் பார்த்ததில்லை. டி.எஸ்.டி. 64இல் எடுத்த பழைய வெளியீடுகளுக்கும் 256இல் எடுத்த புதியவற்றுக்கும் உள்ள வேறுபாடு தம் காதுக்குத் துல்லியமாகக் கேட்கிறது என்று ஒரு கூட்டம் இப்போது சத்தியம் செய்கிறது.